காளியன் தோட்டத்துப் பிள்ளைகள்

வத்தல்மலைக் காளியன் அறுநூறு குழந்தைகளைத் தன் தோட்டத்தில் நிறுத்திவைத்து வேலை வாங்குகிறான் என்கிற விஷயம் ஓர் ஆவணி மாதப் புதன்கிழமை வெளியே வந்தது. அன்று காலையில் களியைத் தின்றுவிட்டுக் கை கழுவியபோது அது காளியனுக்கே தெரியாது. பாவம், யாரும் அவனிடம் சொல்லவில்லை.

ஆளைப் பார்த்தால் நீங்களும் நம்பமாட்டீர்கள். ஒரு கோழியை அதட்டுவதென்றால்கூட இரண்டு தரம் யோசிக்கிற மனுஷன். மலைமேல் பால்சிலம்பில் ஒன்றரை ஏக்கர் சரிவு நிலம். சாமையும் கேழ்வரகும் வயிற்றுக்கே சரியாகப் போய்விடும் என்பதால், கார்த்திகை பிறந்ததும் காளியனும் அவன் மனைவி கருப்பியும் குடகுக்குக் காப்பி பறிக்கக் கூலிக்குப் போய்விடுவார்கள். மாசி கடைசியில்தான் திரும்புவார்கள். ஒரே மகள் ரேவதி. விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் கிடையாது, ஆகவே அவளையும் கையோடு கூட்டிக்கொண்டு போவார்கள். பெற்றவர்கள் பறிக்கப் போனால் அவள் எஸ்டேட் லைன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இப்படிப் போய்ப் போய் அந்தப் பெண் எல்லா வகுப்பிலும் பாதிப் பாடம்தான் படித்திருந்தாள். அலெக்சாண்டர் படையெடுத்து வந்தது தெரியும், திரும்பிப் போனாரா என்று தெரியாது. வகுத்தல் கணக்கைக் குடகுக்குப் போன சமயத்தில் நடத்திவிட்டார்கள். மலைப் பள்ளிக்கூடத்து டீச்சர், "புத்திசாலிப் பொண்ணுங்க, ஒரே ஒரு வருசம் முழுசா உட்கார வெச்சுப் பாருங்க" என்று கருப்பியிடம் கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டார்.

கருப்பிக்கு அது மனசில் தைத்துவிட்டது. "ஏங்க, ஊரான் தோட்டத்துல பறிக்கிற காப்பிய நம்ம தோட்டத்துலயே பறிச்சா கை வேணாங்குதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதானே? காளியன் ஏற்காட்டுப் பக்கத்து நாற்றுப் பண்ணையில் காப்பி நாற்று வாங்கிவந்து ஊன்றினான். அதை மூன்று வருடம் காப்பாற்றிய பாடு காளியனுக்கும் கருப்பிக்கும் அவர்கள் இடுப்புக்கும்தான் தெரியும். இந்த வருடம்தான் முதல் காய் பிடித்திருந்தது. கார்த்திகையில் பழுத்துவிடும். தங்கள் தோட்டத்தில் பறிக்க வேலை இருந்தால் குடகுக்குப் போக வேண்டாம். ரேவதி எட்டாம் வகுப்பை முழுசாக, அலெக்சாண்டர் வீடு போய்ச் சேரும்வரைக்கும் படிக்கலாம்.

இங்கே ஒரு சொல்லை விளக்கிவிட வேண்டும், ஏனென்றால் வினையே அதில்தான் இருக்கிறது. தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்கிறோமில்லையா? காளியன் ஊரில் காப்பிக்கும் அதே மரியாதைதான். பண்ணையில் இருக்கும்வரை நாற்று. மண்ணில் ஊன்றியதிலிருந்து முதல் பழம் பறிக்கும்வரை பிள்ளை. பறித்த பிறகுதான் செடி. பழம் பறிக்காததைச் செடி என்று சொன்னால் அங்கே சிரிப்பார்கள்.

சரி, காப்பியை யார் வாங்குவது? தர்மபுரியில் காப்பிக் கொட்டை வியாபாரம் செய்யும் முனிராஜ் பார்த்துவிட்டு, "கொட்டை நல்லா வரும் காளியா, நானே எடுத்துக்குறேன். ஆனா இப்பல்லாம் வெளிநாட்டுக்காரன் நியாய முத்திரை கேக்குறான். அது இருந்தா நல்ல வெலை. நீ பேரவையில எழுதிப் போடு" என்றான். காளியன் எழுதிப் போட்டான். அவன் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அதுதான்.

உலக நேர்வணிக அறநெறிப் பேரவை என்பது அதன் முழுப் பெயர். ஏழை விவசாயிக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கடல் கடந்து தோன்றிய அமைப்பு. சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கவலையில் அவர்கள் தூங்குவதே இல்லை. ஊர் ஊராக ஓட்டல்களில் கூடிக் கவலைப்படுவார்கள். அதன் தென்மண்டல அலுவலகம் தர்மபுரியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. அங்கிருந்து கள அலுவலர் நிர்மலா மேடம் அந்தப் புதன்கிழமை ஜீப்பில் வந்து இறங்கினார். கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் புரட்டியதில் முகம் வெளுத்திருந்தது. கையில் ஒரு பலகைபோல் கருவி. அதன் பெயர் அறம்.

"கேள்வி எல்லாம் அறம்தான் கேக்கும். நீங்க அதுகிட்ட பேசுங்க, அதுவே புரிஞ்சுக்கிட்டு எழுதிக்கும்" என்றார் நிர்மலா. "அது பேசுறப்ப நாங்க பக்கத்துல நிக்கக் கூடாது. மனுஷங்க பக்கத்துல இருந்தா நேர்மை கெட்டுடும்னு பேரவையோட கொள்கை."

அறத்தை ஒரு கல்மேல் சாத்திவைத்துவிட்டு, அவர் போன் டவர் கிடைக்கிறதா என்று பார்க்கப் பலா மரத்துப் பக்கம் போய்விட்டார். காளியன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கருவிக்கு முன்னால் பணிவாக நின்றான். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் செய்தி வாசிப்பதுபோல் கேட்டது.

"வணக்கம். தங்கள் தோட்டத்தில் பிள்ளைகள் உள்ளனரா?"

"இருக்குதுங்க."

"எத்தனை?"

"அறுநூறுங்க. அறுநூத்தி நாப்பது வாங்கனேன். போன கோடையில நாப்பது செத்துப்போச்சுங்க."

கருவியில் ஒரு வட்டம் கொஞ்ச நேரம் சுற்றியது. "தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். பிள்ளைகளின் வயது என்ன?"

"மூணு முடியப் போவுதுங்க."

"எங்கிருந்து வந்தனர்?"

"ஏற்காட்டுப் பக்கம் ஒருத்தர்கிட்ட காசு குடுத்து வாங்குனங்க. லாரியில அடுக்கி, கடத்தூர் வழியா ராவோட ராவா கொண்டாந்துட்டேன். பகல்ல கொண்டாந்தா வாடிப்போயிடும் பாருங்க."

கடத்தூர் என்று ஓர் ஊர் இருப்பது அறத்துக்குத் தெரியாது. அது கடத்தல் என்று எழுதிக்கொண்டது.

"பிள்ளைகளுக்கு என்ன உணவு வழங்குகிறீர்கள்?"

"சாணிதாங்க. அப்பப்ப ஆட்டுப்புழுக்கை."

"தங்குமிடம்?"

"தங்குமிடமா? நட்ட எடத்துலதாங்க. வெயிலோ மழையோ நிக்க வேண்டியதுதான்."

"நோயுற்றால்?"

"மருந்து அடிப்போம். அதுக்கும் கேக்கலைன்னா வெட்டி நெருப்புல போட்ருவோம். இல்லாட்டிப் பக்கத்துப் பிள்ளைக்கும் ஒட்டிக்கும்."

"பிள்ளைகளிடமிருந்து பலன் பெறுகிறீர்களா?"

இந்தக் கேள்வியில் காளியன் முகம் மலர்ந்துவிட்டது. மூன்று வருடமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி. "இந்தக் கார்த்திகையிலதாங்க ஆரம்பிக்கப் போறோம்! இத்தினி நாளா சும்மாதான் நின்னுதுங்க. பலன் குடுக்காத பிள்ளைய எவ்வளவு காலம் வெச்சிக் காப்பாத்துறது, நீங்களே சொல்லுங்க?"

அறம் சிவப்பாக மாறியது. "தங்கள் நேர்மையான பதில்களுக்கு நன்றி" என்றுவிட்டு அணைந்துபோனது. சிவப்பு நல்ல நிறம்தானே, காப்பிப் பழம்கூடச் சிவப்பாகத்தான் பழுக்கும் என்று காளியன் சந்தோஷமாக வீட்டுக்குப் போனான்.

மறுவாரம் தர்மபுரிக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. என்ன விஷயம் என்று காதில் விழுந்தபோது காளியனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கருப்பிக்குச் சந்தேகமே இல்லை, வாய்விட்டுச் சிரித்தாள். "ஒரு பிள்ளையத் தோண்டி எடுத்துக்கினு போய்க் காட்டிட்டு வாங்க. பார்த்தா அவங்களே வெக்கப்பட்டுப் போவாங்க" என்றாள். பேரவையைப் பற்றி அவளுக்கு அவ்வளவுதான் தெரியும். காளியன் வேரில் மண் உதிராமல் ஒரு செடியைத் தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு போனான்.

மண்டல இயக்குநர் ரஞ்சித்குமார் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தார். சுவரில் உலகப் படம். அதில் நியாயம் நடக்கிற இடங்களில் எல்லாம் பச்சை ஊசி குத்தியிருந்தது.

"சார், இதாங்க பிள்ளை" என்று காளியன் சாக்கைப் பிரித்து மேஜைமேல் வைத்தான். "காப்பிச் செடிங்க. எங்க ஊருல இப்படித்தான் சொல்லுவோம்."

ரஞ்சித்குமார் செடியைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நிர்மலாவைப் பார்த்தார். "இது செடின்னு எங்களுக்குத் தெரியாதா காளியன்? எங்க வீட்டுக் கொல்லையிலயே ரெண்டு தென்னம்பிள்ளை நிக்குது."

காளியனுக்கு உயிர் வந்தது. "அப்ப சரிங்க சார், அதை அழிச்சிடுங்க."

"அழிக்கிறதா? அறம் எழுதுனத மனுஷன் அழிக்க முடியாது. அதுதான் அதோட சிறப்பே. ரஞ்சித்குமாரா உங்களை முழுசா நம்புறேன். ஆனா இயக்குநரா உங்களை நம்புறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லை. என் கண்ணு பொய் சொல்லலாம், உங்க நாக்கு பொய் சொல்லலாம். நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தா அதுக்குப் பேரு என்ன? ஊழல்."

காளியன் திகைத்துப்போய், "நான் ஊழல் பண்ணலைங்க, பிள்ளையத்தான் கொண்டாந்தேன். இந்தாங்க, ஒப்படைச்சிட்டேன், நல்லாப் பாருங்க" என்றான்.

மேஜைமேல் கிடந்த அறம் மினுக்கென்று விழித்தது. ஒரு பிள்ளை ஒப்படைக்கப்பட்டதாக அதன் காதில் விழுந்தது. "ஒரு பிள்ளை மீட்கப்பட்டது. வாழ்த்துகள்" என்று அறிவித்துவிட்டு ஓர் ஓரத்தில் பச்சை காட்டியது. ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, ரஞ்சித்குமாரின் போன் அடித்தது. தலைமையகம். அவர் எழுந்து நின்று பேசினார். "நன்றி சார்... ஆமா சார், எங்க மண்டலத்தோட முதல் மீட்பு சார்..." என்று நாலைந்து தரம் சொன்னார். போனை வைத்தபோது அவர் முகமே வேறாக இருந்தது.

"காளியன், உட்காருங்க" என்றார். அதுவரை நிற்க வைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். "எட்டு வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு குத்தமும் கிடையாது. எல்லாரும் நல்லவனா இருந்துட்டா நாங்க எதுக்கு? போன மாசம் தென்மண்டலத்தையே மூடிடலாம்னு பேச்சு வந்துச்சு. இப்ப பாருங்க, ஒன்னு மீட்டதுக்கே இந்த மரியாதை. இன்னும் ஐந்நூத்தித் தொண்ணூத்தொன்பது இருக்கு!"

காளியன் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "சார், எனக்கு முத்திரையே வேணாங்க. வந்த வெலைக்கு எங்கியாச்சும் வித்துக்குறேன்."

"நல்லவங்க எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம். குத்தவாளி விலக முடியாது. விட்டா அது சட்டத்துக்குப் போயிடும், போலீசு, கேசுன்னு ஆயிடும். நான் உங்களைக் காப்பாத்தப் பார்க்குறேன். ஒத்துழைச்சா முத்திரை கிடைக்கும், முனிராஜ் காப்பிய வாங்குவான், உங்க பொண்ணு படிப்பா. சின்னச் சின்ன நடைமுறைதான், சடங்கு மாதிரி நினைச்சுக்குங்க."

"சரிங்க. அந்தப் பிள்ளையக் குடுங்க, ஈரம் காயுறதுக்குள்ள நட்டுர்றேன்."

ரஞ்சித்குமார் செடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மீட்ட பிள்ளையத் திரும்ப உங்ககிட்டயே குடுக்கச் சொல்றீங்களா?"

சடங்கு புரட்டாசியில் ஆரம்பித்தது. அறத்துக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயர் வேண்டும், ஒரே பெயர் இரண்டு தடவை வரக்கூடாது. ரேவதிதான் பெயர் வைத்தாள். அவளுக்கு ஒரே குஷி. முதல் வரிசைக்குக் குலசாமிகளின் பெயர். அப்புறம் ஊர்க்காரர்களின் பெயர்கள்: குள்ளம்மாள், கண்ணம்மாள், வீரமணி, மாதேஸ்வரன். ஊர் தீர்ந்துபோனதும் அடுத்த ஊர். அதுவும் தீர்ந்ததும் மலைக்கு வருகிற பஸ்களின் பெயர், மளிகைக் கடைச் சோப்புகளின் பெயர். கடைசி நான்கு வரிசைக்குப் பூச்சிமருந்துப் பெயர்தான் கிடைத்தது. அறம் எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது. மாதேஸ்வரன் மட்டும் தன் பெயரை வைத்த பிள்ளை வளராமல் சோணங்கியாக இருக்கிறது என்று காளியனிடம் சண்டைக்கு வந்தார்.

அடுத்து சீருடை வந்தது. மீட்கப்படப்போகும் பிள்ளைகளின் கண்ணியத்துக்காக வெளிநாட்டு நல்லுள்ளங்கள் அனுப்பியது. நீலக் கால்சட்டையை வேரடியில் விரித்து, வெள்ளைச் சட்டையைக் கிளைமேல் மாட்டி, ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மலைச்சரிவில் ஒரு பள்ளிக்கூடமே அசெம்பிளிக்கு நின்றதுபோல் இருந்தது. உண்மையான பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு இருபத்தேழு பேர் கிழிந்த சட்டையோடு நின்றார்கள். அவர்களை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

கருப்பி நிர்மலாவிடம் போய், "மேடம், இதுல ஒரு சட்டை எங்க ரேவதிக்குக் குடுங்களேன். முழங்கையெல்லாம் கிழிஞ்சிருச்சு" என்று கேட்டாள்.

நிர்மலா அறத்தில் தேடிப் பார்த்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "அவ பேரு இதுல இல்லையேக்கா. பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும்தான். அவ ஸ்கூலுக்குப் போயிட்டு இருக்கா இல்ல? எங்கயாவது வேலைக்குப் போயிருந்தா கண்டிப்பாக் குடுத்திருக்கலாம்."

கருப்பிக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். காளியன்தான் கண்ணால் அடக்கினான். காய்கள் பச்சையாக, கொத்துக் கொத்தாகச் சட்டைக்குள் மறைந்து நின்றன. இன்னும் ஒரு மாதம். முத்திரை வந்துவிட்டால் இந்தக் கோமாளித்தனமெல்லாம் மறந்துபோகும் என்று நினைத்தான். அப்படி நினைக்காமல் அவனால் வேறென்ன செய்ய முடியும்?

ஐப்பசியில் காளியனை மனமாற்றப் பயிற்சிக்கு அழைத்தார்கள். தர்மபுரியில் ஒரு லாட்ஜ் அறை. பயிற்சிக்கு வந்தவன் அவன் ஒருத்தன்தான். பயிற்றுநர் அவனைக் கண்ணை மூடச் சொல்லி, "உங்களுக்குள்ள இருக்கிற கொடியவனைப் பாருங்க, தெரியுறானா?" என்று கேட்டார். காளியன் ரொம்ப நேரம் தேடினான். உள்ளே ஒருத்தரும் இல்லை. பயிற்றுநர் மனசு நோகக்கூடாதே என்று, "லேசாத் தெரியுறாங்க" என்றான். அந்த நேரத்தில்தான் போன் அடித்தது.

"ஏங்க! எங்க இருக்கீங்க?" கருப்பி கத்தினாள். "புடுங்குறாங்க! பிள்ளைங்களப் புடுங்குறாங்க! வேனு, லாரி, பத்துப் பதினஞ்சு ஆளு! காயோட புடுங்குறாங்கங்க!"

காளியன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டான். மலையேறி எட்டாவது வளைவில் எதிரே லாரி வந்ததால் பஸ் ஒதுங்கி நின்றது. லாரியின் முன்பக்கம், 'மீட்புப் பயணம்: இனி இவர்கள் சிரிப்பார்கள்' என்று துணி கட்டியிருந்தது. பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட அவன் செடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினான். கைக்கு ஒரு கிளை எட்டியது. லாரி நகர்ந்ததும் அதுவும் நழுவிப் போனது. பஸ்ஸில் இருந்தவர்கள் என்னப்பா என்று கேட்டார்கள். அவன் இறங்கும் படிக்குப் போய் நின்றுகொண்டான்.

மேலே கருப்பி குழிகளுக்கு நடுவில் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் சிராய்ப்பு. ஒரு செடியை விடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டாளாம். பிரித்தெடுக்க நாலு பேர் வேண்டியிருந்ததாம். 'சுரண்டலுக்கு உடந்தையானவர் உணர்ச்சிவசப்பட்டார்' என்று அறம் எழுதிக்கொண்டதாம். ரேவதி தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்த பெண், பையைக்கூடக் கழற்றவில்லை.

வேரில் ஈரம் இருக்கும்போதே திரும்ப நட்டால் பாதியாவது பிழைக்கும். அந்த ஆசையில் காளியன் மறுநாள் விடியலிலேயே தொப்பூருக்குப் போனான். கணவாய்க்குக் கீழே, லாரிகள் இரைந்துகொண்டு போகிற சாலை ஓரத்தில், மூடிப்போன ஒரு ஓட்டலை வாடகைக்கு எடுத்து 'மழலையர் மறுவாழ்வு இல்லம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். வாசலில் காவல்காரர் மறித்தார். சுரண்டியவர்கள் பிள்ளைகளைப் பார்க்கக்கூடாதாம். காளியன் ஜன்னல் வழியாகப் பார்த்தான்.

தகரக் கூரைக்குக் கீழே, சிமெண்டுத் தரையில், பிளாஸ்டிக் வாளிகளில் அவன் செடிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு தம்ளர் பால், ஒரு வேகவைத்த முட்டை. ஜன்னலுக்கெல்லாம் திரை. நிர்மலா ஒரு வாளியில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மேடம்! பால ஊத்தாதீங்க மேடம், வேர் அழுகிடும்! வெயில்ல வைங்க! சாணி போடுங்க!"

நிர்மலா ஜன்னலுக்கு வந்தார். தூங்காத கண்கள். "வெயில்ல நிக்க வைக்கிறதும் சாணி போடுறதும்தானே உங்க மேல இருக்கிற குத்தச்சாட்டே? அதையே நாங்களும் செஞ்சா எப்படி? ஏற்கெனவே எல்லாம் சோர்ந்து கிடக்குது. ஆலோசகர் வந்து பார்த்துட்டு வீட்டு ஏக்கம்னு சொன்னார்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கும் மனசு கேக்கலைங்க. நேத்து யாருக்கும் தெரியாம ரெண்டு வாளிய வெயில்ல வெச்சேன். அறம் பார்த்துடுச்சு. எனக்கு மெமோ வந்திருக்கு."

"ஒரு நூறாச்சும் குடுங்க மேடம். திருட்டுத்தனமா எடுத்துக்கினு ஓடிர்றேன்."

"அது கடத்தலாயிடும்ங்க" என்று சொல்லிவிட்டு நிர்மலா திரையை இழுத்து மூடினார். மூடுவதற்கு முன்னால் அவர் அழுததைக் காளியன் பார்த்தான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பதினைந்தாம் நாள் எல்லாம் சருகாகிவிட்டது. கூட்டிப் பெருக்கிவிட்டு, இல்லத்தில் பிள்ளைகள் இல்லை என்று அறத்திடம் சொன்னார்கள். பொய் இல்லை. அறம் கணக்குப் போட்டுப் பார்த்து, 'அனைவரும் சமூகத்துடன் இணைந்தனர்' என்று எழுதி முழுப் பச்சையாக மாறியது. தென்மண்டலத்துக்கு விருது கிடைத்தது.

விழாவைத் தர்மபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். காளியனுக்குப் பொன்னாடை போர்த்தி, சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். ரஞ்சித்குமார் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, நேற்றுவரை இந்த மனிதரின் தோட்டத்தில் அறுநூறு பிள்ளைகள். இன்று போய்ப் பாருங்கள், ஒன்று கிடையாது! இதைவிடத் தூய்மையான தோட்டம் இந்தியாவில் இருக்கிறதா? இவருடைய மண்ணில் சுரண்டல் இல்லை, நஞ்சு இல்லை, கழிவு இல்லை. எதுவுமே இல்லை! எங்களுடைய எல்லா நிபந்தனைகளையும் நூற்றுக்கு நூறு நிறைவேற்றிய முதல் விவசாயி இவர்தான். மற்ற விவசாயிகளையும் இந்த நிலைக்குக் கொண்டுவரும்வரை எங்கள் பேரவை ஓயாது!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. காளியன் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு முனிராஜ் கடைக்குப் போனான். முனிராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தங்க முத்திரை! இது யாருக்கும் சுலபத்துல தரமாட்டாங்க காளியா. சரி, காப்பி எங்க?" என்று கேட்டான். கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஒரு தம்ளர் காப்பி வரவழைத்துக் கொடுத்தான். காளியன் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டான்.

கார்த்திகை பிறந்தது. மூட்டை கட்டும்போது ரேவதி புத்தகங்களை மட்டும் தனியாக ஒரு பையில் எடுத்துவைத்தாள். கருப்பி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். டீச்சர் எதிரே வந்துவிடக்கூடாது என்று முதல் பஸ்ஸுக்கே இறங்கிவிட்டார்கள்.

குடகில் அவர்கள் வழக்கமாகப் போகிற எஸ்டேட்டின் வாசலில் இந்த வருடம் புதிதாகப் பேரவையின் பச்சைப் பலகை நின்றது. 'இத்தோட்டத்தில் பிள்ளைகள் இல்லை' என்று நாலு மொழியில் எழுதியிருந்தது. ஆள் எடுக்கிற ரைட்டர் பழைய மனுஷர்தான், காளியனைத் தெரிந்தவர். ரேவதியைப் பார்த்ததும் முடியாது என்று தலையை ஆட்டி, பாதிக் கன்னடத்தில் சொன்னார்.

"பேட காளியா, ஆகல்ல. இந்த வர்ஷம் பிள்ளைங்களை உள்ள விடக்கூடாது. லைன் வீட்டுலகூட இருக்கக் கூடாது. பேரவை ரூல். வேலை செய்ற பெரியவங்களுக்கு மட்டும்தான் எடம்."

"இத்தினி வருசம் சும்மாத்தானங்க உட்கார்ந்திருந்தா? வேலைக்கா விட்டோம்?"

"அதான் தப்பு. சும்மா உட்கார்ந்தா பிள்ளை. பிள்ளை இருந்தா எஸ்டேட்டுக்கு முத்திரை போயிடும். வேலை செஞ்சா பெரியவ, பெரியவளா இருந்தா யாரும் கேக்கமாட்டாங்க." ரைட்டர் கெட்டவர் இல்லை. வழி சொல்லிக்கொடுத்தார். "நான் ஒரே ஒரு கேள்வி கேப்பேன், யோசிச்சுச் சொல்லு. இது பிள்ளையா?"

காளியன் மகளைப் பார்த்தான். பதின்மூன்று வயது. முழங்கை கிழிந்த பள்ளிக்கூடச் சட்டை. தோளில் புத்தகப் பை. கருப்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் போகலாம் என்றால் வீட்டில் இருப்பது அறுநூறு குழி.

"பிள்ளை இல்லீங்க" என்றான் காளியன்.

ரைட்டர் ரேவதியிடம் ஒரு பறிகூடையைக் கொடுத்து, புத்தகப் பையை வாசலிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார்.